பொழுதோட வரும் காய்ச்சல்: கொங்கு நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கொங்கு நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், அக்கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

நான் சென்னிமலைக்கு அருகே ஒரு சிற்றூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு இல்லாதிருந்த காலத்தில், 2008ஆம் ஆண்டு, மதிப்பெண் அடிப்படையில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றேன். படிப்பு முடிந்து சில ஆண்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தேன்; இப்போது காங்கயம் வட்டாரத்தில் சிறிய கிளினிக் ஒன்றை நடத்தி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அந்தக் கிளினிக் திண்ணையில் நான்கைந்து முதலாண்டு மருத்துவ மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவர்கள். அவர்களை முன்னிட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலாண்டில் இந்தப் பிள்ளைகள் தடுமாறுவதை நாம் ஆங்கிலம் வராத குறை என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். அவர்கள் வீட்டிலிருந்து கையோடு கொண்டுவருகிற ஒன்றை, நம் நோயாளிகள் நோவைச் சொல்லும் பேச்சை, எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதையும், இரண்டுக்கும் முதலாண்டிலேயே வழி செய்ய முடியும் என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் பக்கத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிப்பதென்றால் கோயம்புத்தூர், சேலம், பெருந்துறை என்று மூன்று பெயர்களைத்தான் ஊரில் சொல்வார்கள். 1966இல் கோவையில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சேலத்துக்கு 1986இல் வந்தது. காசநோய் சானடோரியமாகவே எல்லோருக்கும் தெரிந்திருந்த பெருந்துறையில் 1992இல் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஒரு கல்லூரி எழுந்தது, அது பின்னாளில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி ஆனது. இன்று தருமபுரி, கரூர் ஆகியவற்றையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் இடம்பெற்ற திருப்பூர், நாமக்கல், நீலகிரி, கிருஷ்ணகிரி ஆகியவற்றையும் சேர்த்தால், மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி என்ற நிலை நம் பகுதியில் ஏறக்குறைய வந்துவிட்டது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனதைக் கண்டு, நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைக்க, அரசு 7.5 விழுக்காடு என 2020இல் சட்டம் இயற்றியது. கல்லூரியும் வந்தது, இடமும் வந்தது. உள்ளே நுழைந்த பிள்ளை முதல் ஆறு மாதத்தில் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை.

என் கதையைச் சொல்லாமல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை. நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. முதலாண்டு உடற்கூறியல் செய்முறைத் தேர்வில் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு மேசைக்கு முன் நின்றேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு தோள்பட்டை எலும்பை என்னிடம் நீட்டினார். வாங்கியதும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து, உடம்பில் இருக்கிறபடியே பிடித்துக் காட்டினேன். அவர் கேட்ட தசைகளின் பெயர்களைச் சொன்னேன். எந்த ஓரத்தில் எது ஒட்டுகிறது என்று விரலால் தொட்டும் காட்டினேன். அதன் பிறகு, லாங் தொராசிக் நரம்பு அறுபட்டால் என்ன ஆகும், ஏன் அப்படி ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியும். அந்த நரம்பு செராட்டஸ் ஆன்டீரியர் என்ற தசைக்குப் போகிறது. அந்தத் தசைதான் தோள்பட்டை எலும்பை விலாவோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. அது செயலிழந்தால், கையை நீட்டிச் சுவரைத் தள்ளும்போது எலும்பின் உள் ஓரம் முதுகிலிருந்து இறக்கை போல எழும்பி நிற்கும். தமிழில் இவ்வளவும் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் தசையின் பெயரும் நரம்பின் பெயரும் மட்டும் வந்தன. அவற்றைச் சேர்க்கும் வாக்கியம் வரவில்லை. அருகிலிருந்த சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளிக் காட்டினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, அடுத்த மாணவரை அழைத்தார்.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. சக மாணவர்கள் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட, நான் ஆறு மாதம் பின்தங்கிய பேட்சில் உட்கார்ந்தேன். விடுதியில் என் அறைத் தோழிகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு காலையில் வார்டுக்குக் கிளம்பும்போது, நான் மறுபடியும் ஃபார்மலின் வாடை வீசும் பிண அறுவைக் கூடத்துக்கு நடப்பேன். ஊரில் அப்பாவிடம் தேர்வு முடிவு இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். அப்பாவுக்கும் புரிந்துதான் இருந்தது. தறிக்கூடத்தில் யாராவது கேட்டால், பெரிய படிப்புங்க, மெதுவாத்தான் வரும் என்று சொல்லிவிடுவாராம்.

என்னை அந்த ஆறு மாதத்தில் கரையேற்றியவர் ஓர் உதவிப் பேராசிரியர். அவர் சிறப்பு வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. மாலையில் மேசைக்கு அருகே நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, "முதல்ல தமிழ்ல முழுசா சொல்லும்மா" என்பார். நடுவில் குறுக்கிடவே மாட்டார். சொல்லி முடித்ததும், "இப்ப இதையே இங்கிலீஷ்ல சொல்லு, தப்பா இருந்தா பரவாயில்லை" என்பார். முதல் வாரம் என் ஆங்கில விடை மூன்று சொற்களில் நின்றது. இரண்டாம் மாதத்தில் வாக்கியமாயிற்று. விடை எனக்குத் தெரியும் என்பதை முதல் சுற்றிலேயே அவரும் அறிந்துவிடுவார், நானும் அறிந்துவிடுவேன். எனவே இரண்டாம் சுற்றில் நான் திணறியபோது அது மொழித் திணறல் மட்டுமே என்பது எங்கள் இருவருக்கும் தெளிவாக இருந்தது. வைவா மேசையில் நின்ற அன்று எனக்கு மறுக்கப்பட்டது அந்தத் தெளிவுதான். தெரியாமல் நிற்கும் பிள்ளையும், தெரிந்தும் சொல்ல வராமல் நிற்கும் பிள்ளையும் தேர்வாளர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிறார்கள்.

இன்று என் திண்ணைக்கு வரும் பிள்ளைகளிடமும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறேன். மளிகைக் கடைக் காலண்டர் தாளின் பின்புறத்தில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் நரம்புப் பின்னலை வரைவோம். ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று வடங்கள், ஐந்து கிளைகள். மருத்துவம் படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத படம் இது; முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் படமும் இதுதான். போன மாதம் ஒரு பையன் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, பாவு நூலைப் பிரிச்சுப் பிரிச்சு மறுபடி சேக்கற மாதிரிங்க" என்றான். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; அவன் வீட்டிலும் தறிதான். அப்படித் தன் வீட்டுப் பொருளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகு, மேல் தண்டு கிழிந்தால் கை ஏன் உடம்போடு ஒட்டி உள்பக்கம் திரும்பித் தொங்குகிறது என்பதை அவனே யோசித்துச் சொன்னான். அவன் கல்லூரியில் வாய் திறப்பதே இல்லை என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள்.

பிள்ளைகளிடம் இருக்கும் இந்த அறிவு வைவாவோடு முடிந்துவிடுவதில்லை, நோயாளியின் படுக்கை வரைக்கும் வருகிறது. அதை நான் கண்ணால் கண்டது 2023இல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் இருந்தபோது.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விசைத்தறித் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். கிராமப்புறப் பயிற்சிக்கு வந்திருந்த ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர், ஒருவர் அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். பெருநகரத்தில் வளர்ந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், அறிவிலோ அக்கறையிலோ எந்தக் குறையும் சொல்ல முடியாதவர். நோயாளி, "பொழுதோட மேலு காயுதுங்க சார்" என்றார். ஹவுஸ் சர்ஜன் சீட்டில், இருபது நாளாகத் தொடர் காய்ச்சல் என்று எழுதி, டைபாய்டு பரிசோதனைக்கு அனுப்ப இருந்தார். அப்போது சமூக மருத்துவப் பயிற்சிக்காக வந்திருந்த மாணவிகளில் ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை அவள் பேசி நான் கேட்டதில்லை. தயங்கித் தயங்கி என்னைப் பார்த்துவிட்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ஏனுங்கய்யா, வெளக்கு வெக்கற நேரத்துக்குங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா அம்முணி. பொழுதோடானா கதகதன்னு ஏறும். ரவைக்கு வேர்த்துத் துணியெல்லாம் நனைஞ்சு போயிரும். காத்தால எந்திரிச்சா ஒண்ணுந் தெரியறதில்லை. இருமலும் எச்சாயிப் போச்சு" என்றார் அவர்.

கொங்குப் பேச்சில் பொழுதோட என்றால் சாயங்காலம். பொழுதுக்கும் என்பதுதான் நாள் முழுவதும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாததால், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, விடாத இருமல் என்று காசநோயை நோக்கி விரல் நீட்டிய வரலாறு, அந்தச் சீட்டில் வேறொன்றாகப் பதிவாகியிருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாயிற்று. அவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, மறுபடியும் தறிக்குப் போனார். அந்த ஹவுஸ் சர்ஜன் அன்று மாலையே என்னிடம் வந்து, இந்த ஊர்ச் சொற்களைத் தனக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என் மேசையில் இருக்கும் நோட்டு அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அந்த மாணவி முதலாண்டில் இரண்டு பாடங்களில் தவறி, துணைத் தேர்வு எழுதித் தேறியவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நோட்டில் உள்ளவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பாடநூலில் தலைசுற்றல் என்று ஒரே தலைப்பில் வருவதை எங்கள் பக்கத்து நோயாளி பல விதமாகச் சொல்கிறார். வீடே சுத்துது என்றால் பெரும்பாலும் உள்காதைப் பார்க்க வேண்டும். எந்திரிச்சா கண்ணைக் கட்டுது என்றால் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கெறக்கமா இருக்கு என்றால் ரத்தசோகை முதல் காலை உணவு சாப்பிடாதது வரை கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளி, கால் மரத்துப்போவதை, காலு மதமதங்குது என்பார். நரம்பு பாதிக்கப்பட்டுள்ளதா என்று அறிய நாம் இழைக் கருவியால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பதற்கு முன், நடக்கும்போது செருப்புக் கழன்று போனதே தெரியாமல் போனதுண்டா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். முழுகாம இருக்கறா என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். மாதவிடாய் என்ற சொல்லை மாமியார் முன்னால் கேட்டால் தலைகுனிந்துகொள்ளும் பெண், தலைக்கு ஊத்தி எத்தனை நாளாச்சு என்று கேட்டால் நாள் கணக்கோடு சொல்வாள். மருந்து குடிச்சுட்டான் என்று ஓடிவருகிறவர்கள் விஷத்தைத்தான் சொல்கிறார்கள்; அந்த நேரத்தில் எந்த மருந்து, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது என்று கேட்டு வீணாகும் நிமிடங்கள் உயிருக்குச் சமம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் முத்திரை என்று தேர்வில் எழுதியும் இருக்கிறோம். பாடநூல் அதைத் திங்கட்கிழமை என்கிறது. நம் மில்களிலோ ஷிப்டுக்கு ஷிப்டு வார விடுமுறை மாறும். எனவே, திங்கட்கிழமை நெஞ்சு அடைக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். லீவு என்னிக்குங்க, லீவு முடிஞ்சு போற அன்னிக்கு எப்படி இருக்குது என்று கேட்கத் தெரிந்தவர் மில்லுக்குப் போகும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைதான். பல்லடம், அவிநாசி, சோமனூர்ப் பக்கங்களிலிருந்து வந்த அத்தகைய பிள்ளைகள் உங்கள் வகுப்புகளின் கடைசி வரிசையில் இன்றும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். மருந்துகளின் பெயர், ஆய்விதழ்கள், முதுகலை நுழைவுத் தேர்வு, பிற மாநில மருத்துவரோடு ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவது என எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டும். அதை அரைகுறையாகக் கற்று வெளியே வந்தால் இந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் பின்வரிசையிலேயே நிற்க நேரும். மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் முதலாண்டுப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டதிலிருந்து, தமிழிலும் எம்.பி.பி.எஸ். பாடநூல் வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே வலுத்துள்ளது. தமிழில் மேலை மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். தமிழ்ப் பாடநூல்களை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும், என் திண்ணையில் உட்காரும் பிள்ளைக்கு இன்றைக்கு உள்ள தடை நூல் இல்லாதது அல்ல. அவன் ஆங்கில நூலை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் புரிந்துகொள்கிறான். புரிந்ததை வாயால் சொல்லும் பழக்கத்துக்குத்தான் கல்லூரியில் அவனுக்கு இடமும் நேரமும் ஆளும் கிடைக்கவில்லை.

நேரம் மிகவும் முக்கியம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாண்டுத் தேர்வை நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. மொத்தப் படிப்பையும் ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். என் காலத்தில் ஒரு தோல்வி என்பது அவமானமும் ஆறு மாதமும் மட்டுமே. இப்போது ஒவ்வொரு தோல்வியும் நான்கில் ஒன்றைக் கழித்துவிடுகிறது. மொழித் திணறலுக்காக ஒரு பிள்ளை அந்த நான்கில் இரண்டை இழப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, கல்லூரி முதல்வர்களிடமும் முதலாண்டுத் துறைத் தலைவர்களிடமும் என் முதல் வேண்டுகோள் இது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று துறைகளிலும், கல்லூரிக்குள் நடக்கும் வாராந்தர வாய்மொழித் தேர்வுகளில் முதல் ஆறு மாதங்களுக்கு இரு சுற்று முறையை அனுமதியுங்கள். மாணவர் விரும்பினால், கலைச்சொற்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு விளக்கத்தை முதலில் தமிழில் சொல்லட்டும். உடனே அதையே ஆங்கிலத்தில் சொல்லட்டும். மதிப்பெண்ணை இரண்டாம் சுற்றுக்கே கொடுத்தாலும் எனக்கு மறுப்பில்லை. இறுதித் தேர்வில் தமிழில் விடை சொல்லும் சலுகையை நான் கேட்கவில்லை. இதற்குப் புதிய பணியிடமோ நிதியோ தேவையில்லை. ஒரு மாணவருக்குக் கூடுதலாக மூன்று நான்கு நிமிடங்கள் செலவாகும், அவ்வளவுதான். நூறும் நூற்றைம்பதும் பேர் உள்ள வகுப்பில் அந்த நிமிடங்களும் சுமையே என்பதை அறிவேன். எல்லா மாணவர்களுக்கும் இது தேவைப்படாது. தேவைப்படுகிறவர்கள் யார் என்பது முதல் மாதத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். இளம் உதவிப் பேராசிரியர்களில் இதை மகிழ்ச்சியோடு செய்யக்கூடியவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். மேலிடத்தின் ஒரு வாய்மொழி ஒப்புதலுக்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேண்டுகோள் சமூக மருத்துவத் துறைகளுக்கு. புதிய பாடத்திட்டத்தில் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்று உள்ளது. அதன்படி முதலாண்டு மாணவர்கள் கிராமத்துக்குப் போய், ஆளுக்குச் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். பல இடங்களில் அது ரத்த அழுத்தம் எழுதுவதோடும் படம் எடுப்பதோடும் நின்றுவிடுகிறது. அந்தக் குடும்பங்கள் நோயைச் சொல்லும் சொற்களையும், மாணவர்கள் சொன்னவர் வாயில் வந்தபடியே, எந்த ஊர், எந்த நோய், எந்தப் பொருளில் என்ற குறிப்போடு எழுதி வரட்டும். ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒருவரையும் அரசுப் பள்ளியில் படித்த ஒருவரையும் இணைத்து அனுப்புங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் இப்படிச் சேர்த்து அனுப்புங்கள். தமிழே தெரியாமல் வந்து, வார்டில் செவிலியர் தயவில் வரலாறு எடுக்கும் அவர்களுக்கு இதைவிட நல்ல தமிழ் வகுப்பு அமையாது. பேச்சு தெரிந்தவர் கேட்பார், ஆங்கிலம் தெரிந்தவர் எழுதுவார், இருவரும் சேர்ந்து திருத்துவார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு, தான் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலையில் இருக்கிறோம் என்ற உணர்வு முதலாண்டிலேயே கிடைத்தால், வைவா மேசையில் அவன் நிற்கும் விதமே மாறிவிடும். என் திண்ணையில் அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தாளவாடி மலையில் பேசுவது தாராபுரத்தில் பேசுவது போலிராது. நீலகிரியில் மலைவாழ் மக்களின் மொழிகளே வேறு. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தன் மருத்துவமனைக்கு வரும் மக்களின் பேச்சைத் தானே தொகுப்பதுதான் சரி. அடுத்த ஆண்டு மாணவர்கள் முந்தைய ஆண்டுத் தொகுப்பைச் சரிபார்த்து, விட்டுப்போனதைச் சேர்க்கலாம். ஐந்தாறு ஆண்டுகளில் ஒவ்வொரு வார்டிலும் வைக்கத்தக்க ஒரு கையேடு உருவாகிவிடும்.

துணைவேந்தர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வுக்கு அனுப்பும் தேர்வாளர்களுக்கான வழிகாட்டுதலில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மாணவர் சொல்லத் திணறினால், எலும்பிலோ படத்திலோ தன் உடம்பிலோ காட்டச் சொல்லி, காட்டியதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவம் கையால் செய்யும் தொழில். சுவரில் கை ஊன்றிக் காட்டிய விடையும் விடைதான் என்று அன்று ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தால், நான் என் அப்பாவிடம் பொய் சொல்ல நேர்ந்திராது.

இவற்றுக்கெல்லாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அடிப்படைப் பயிற்சி வகுப்பு இருக்கிறதே என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் கேட்டார். இருக்கிறது, 2019இல் வந்த பாடத்திட்டத்தில் தொடக்கத்திலேயே மொழித் திறனுக்கு மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வகுப்புகளில் நடப்பதைப் பிள்ளைகள் வழியாகக் கேட்டு வருகிறேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, விடுப்புக் கடிதம் எழுதுவது போன்றவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அந்த மணிகளில் பாதியையாவது அறுவைக் கூடத்தில், எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, காரணத்தையும் விளைவையும் சொல்லும் வாக்கியங்களுக்குச் செலவிடலாம். அறுபட்டால் என்ன ஆகும், அடைபட்டால் என்ன ஆகும், வீங்கினால் எதை அழுத்தும் என்ற மூன்று நான்கு வகை வாக்கியங்கள் வாயில் பழகிவிட்டால், முதலாண்டு வைவாவில் பாதி கடந்தாயிற்று. அதை மொழி ஆசிரியரால் தனியாகச் செய்ய முடியாது. உடற்கூறியல் ஆசிரியரும் உடன் நிற்க வேண்டும்.

என் நோட்டில் இதுவரை சேர்ந்துள்ள சொற்களையும் தொடர்களையும் பொருளோடும், எந்தச் சூழலில் எந்த ஊர்க்காரர் சொன்னார் என்ற குறிப்போடும் படியெடுத்து வருகிறேன். நோயாளிகளின் பெயரோ அடையாளமோ எதிலும் இல்லை. எந்தக் கல்லூரி கேட்டாலும் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கை மூடிவிட்டு, பெருந்துறைக்கோ திருப்பூருக்கோ வந்து பிள்ளைகளோடு உட்காரவும் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போல வழியில் தடுக்கி விழுந்து எழுந்து வந்த மருத்துவர்கள் நம் பகுதியில் இன்னும் பலர் உள்ளனர், அழைத்தால் அவர்களும் வருவார்கள். புதிய மாணவர்கள் வந்து சேர்ந்து முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடப்பதற்குள் இரு சுற்று முறையை ஒரு துறையிலாவது தொடங்கிப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மருத்துவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.